கொத்தனார்களின் மலைநாடு: செர்பியாவின் சர்னா திராவா காலியான வரலாறு

செர்பியாவின் தென்கிழக்கு மூலையில், பல்கேரிய எல்லையை ஒட்டிய மலைகளுக்கு நடுவே, சர்னா திராவா என்றொரு உள்ளாட்சிப் பகுதி இருக்கிறது. பரப்பளவு 312 சதுர கிலோமீட்டர். அதே பெயர் கொண்ட சிற்றூரைத் தலைமையிடமாக வைத்து மொத்தம் 25 ஊர்கள் இதில் அடங்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1948-இல் எடுக்கப்பட்ட முதல் கணக்கெடுப்பில் இங்கே 13,600-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2022 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 1,063. முக்கால் நூற்றாண்டுக்குள் நூறு பேர் இருந்த இடத்தில் எட்டுப் பேர்கூட இல்லை என்றாகிவிட்டது. மக்கள்தொகையில் இதைவிடச் சிறிய உள்ளாட்சிப் பகுதி செர்பியாவில் வேறு இல்லை.

பால்கன் நாடுகளின் கிராமங்கள் காலியாவதைப் பற்றிப் பேசும்போது 1990-களின் போர்கள், பொருளாதாரத் தடைகள், மூடப்பட்ட அரசு ஆலைகள், மேற்கு ஐரோப்பாவுக்குப் போகும் இளைஞர்கள் ஆகியவற்றையே பலரும் காரணமாகக் காட்டுகிறார்கள். வேறு பல ஊர்களுக்கு அது பொருந்தலாம். சர்னா திராவாவுக்குப் பொருந்தாது. செர்பியா அங்கமாக இருந்த யூகோஸ்லாவியா உடைந்த 1991-ஆம் ஆண்டிலேயே இங்கு மக்கள்தொகை ஏறத்தாழ 3,800-ஆகச் சுருங்கியிருந்தது. அதாவது 1948-இல் இருந்தவர்களில் முக்கால் பங்குக்குச் சற்றே குறைந்த அளவினர், ஒரு துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே, நாடு அமைதியாகவும் ஓரளவு வளமாகவும் இருந்த பத்தாண்டுகளில் கிளம்பிப் போய்விட்டார்கள். ஆகவே காரணத்தை இன்னும் பின்னோக்கிப் போய்த் தேட வேண்டும். இந்த மலைநாட்டை இவ்வளவு மக்களோடு வாழவைத்த தொழில் எதுவோ, அதுவே அதைக் காலியும் செய்தது என்பதுதான் என் கருத்து. அந்தத் தொழில் கட்டடம் கட்டுவது.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். தெற்கே 1,638 மீட்டர் உயரமுள்ள செமெர்னிக் மலை. வடமேற்கே ஒஸ்த்ரோசுப் மலை. இவற்றினிடையே விலாசினா ஆறும் அதன் கிளை ஓடைகளும் வெட்டிச் சென்ற குறுகிய, செங்குத்தான பள்ளங்கள். சமதளம் என்று சொல்லத்தக்க நிலம் மிகக் குறைவு. குளிர்காலம் நீண்டது, பனி வெகுநாள் கிடக்கும். கோதுமையைவிட ரை தானியமும் ஓட்ஸும் உருளைக்கிழங்கும்தான் இங்கே நம்பத்தகுந்த பயிர்கள். மற்றபடி புல்வெளி, ஆடு, மாடு. ஊர்களும் ஒரே இடத்தில் திரண்டு நிற்பவை அல்ல. ஒரு குடும்பம் பெருகி உண்டான ஐந்தாறு வீடுகள் ஒரு சரிவில் இருக்கும். அடுத்த ஐந்தாறு வீடுகள் ஓடையைக் கடந்து மறு சரிவில் இருக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் மஹாலா என்று பெயர். பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் பெயரே அதற்கும் வழங்கும். இப்படிப்பட்ட நிலத்தில் சதுர கிலோமீட்டருக்கு 44 பேர் விவசாயத்தை மட்டும் நம்பி வாழ முடியாது. 1948-இல் அத்தனை பேர் இருந்தார்கள் என்றால் அவர்களுடைய உணவில் ஒரு பகுதி வேறெங்கோ சம்பாதிக்கப்பட்டது என்றே பொருள்.

வேறெங்கோ போய்ச் சம்பாதித்து வருவதைப் பால்கன் மலைநாடுகளில் பெச்சால்பா என்பார்கள். சர்னா திராவாவில் அது கொத்து வேலையாக உருவெடுத்தது. ஒட்டோமான் ஆட்சிக் காலத்திலேயே இந்த மலைகளிலிருந்து ஆண்கள் கூட்டமாகக் கிளம்பிச் சமவெளி ஊர்களிலும் நகரங்களிலும் வீடுகள் கட்டி வந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தைஃபா என்று பெயர். அதற்குத் தலைமை தாங்கும் மேஸ்திரி வேலை பேசி முடிப்பார். அவருக்குக் கீழே தேர்ந்த கொத்தனார்களும் தச்சர்களும் இருப்பார்கள். கல் சுமக்கவும் சாந்து குழைக்கவும் பையன்கள் இருப்பார்கள். பெரும்பாலும் அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான்கள், ஒரே மஹாலாக்காரர்கள். பையன் சில பருவங்களில் செங்கல் அடுக்கக் கற்றுக்கொள்வான். பிறகு சுவர் எழுப்புவான். திறமை இருந்தால் தனக்கென ஒரு தைஃபா சேர்ப்பான். வசந்தம் தொடங்கியதும் புறப்பட்டு, நவம்பர் தொடக்கத்தில் வரும் மித்ரோவ்தான் என்னும் புனித தெமெத்ரியஸ் திருநாளை ஒட்டித் திரும்புவது வழக்கம். கூலிப் பணம் உப்பாகவும் மாவாகவும் வரியாகவும் கடனடைப்பாகவும் மாறும். குளிர்காலம் முழுவதும் வீட்டில். பனி உருகினால் மறுபடியும் பயணம்.

இந்த ஏற்பாடு நடைபெறக் கூட்டுக் குடும்பம் தேவைப்பட்டது. ஒரே கூரையின்கீழ் பல சகோதரர்களின் குடும்பங்கள் வாழும் முறை தெற்கு ஸ்லாவ் மக்களிடம் வலுவாக இருந்தது. சிலர் வெளியே போனாலும் மற்றவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூட்டுக் குடும்பங்கள் பிரியத் தொடங்கின. அதன்பின் சுமை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. ஆண்டில் எட்டு மாதம் உழவு, அறுவடை, வைக்கோல், விறகு, ஆடு மாடு, பிள்ளைகள், முதியவர்கள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வரலாறு எழுதுபவர்கள் கொத்தனார்களைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அந்தக் கொத்தனார்கள் திரும்பி வருவதற்கு ஒரு வீடும் ஓர் அடுப்பும் இருந்ததற்குக் காரணமானவர்களைப் பற்றி ஓரிரு வரிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஊர் மக்கள் அப்படி மறந்துவிடவில்லை. சர்னா திராவாவில் அந்தப் பெண்ணுக்கென்றே ஒரு நினைவுச்சிலை இருக்கிறது. வீரர்களுக்கும் தலைவர்களுக்கும் சிலை வைத்து நிறைந்துபோன ஒரு தேசத்தில், வீட்டையும் வயலையும் தனியாகத் தாங்கிய பெண்ணுக்கு எழுப்பிய அந்தச் சிலையைப் பெரிதும் மதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1878-ஆம் ஆண்டு இரண்டு வகையில் திருப்புமுனை. பெர்லின் உடன்படிக்கையின்படி நீஷ், லெஸ்கோவாட்ஸ், வ்ரான்யே, பிரோத் பகுதிகள் ஒட்டோமான் பேரரசிடமிருந்து செர்பியாவுக்கு வந்தன. சர்னா திராவாவும் அவற்றோடு சேர்ந்தது. கிழக்கே சில மணி நேர நடைதூரத்தில் இருந்த திரன் வட்டாரம் புதிதாகப் பிறந்த பல்கேரியாவுக்குப் போயிற்று. அதுவரை ஒரே பேரரசுக்குள் ஒரே விதமான மலை வாழ்க்கை வாழ்ந்து, ஏறத்தாழ ஒரே வட்டார மொழியைப் பேசி, ஒரே தொழிலைச் செய்தவர்களுக்கு நடுவே ஓர் எல்லைக்கோடு வந்தது. திரன் கொத்தனார்கள் சோபியாவைக் கட்டப் போனார்கள். சர்னா திராவாவின் கொத்தனார்கள் பெல்கிரேடைக் கட்டப் போனார்கள். அந்த எல்லையும் நிலையாக நிற்கவில்லை. 1885-இல் செர்பியாவும் பல்கேரியாவும் போரிட்டன. முதல் உலகப் போருக்குப் பிறகு, 1919-இன் நெய்யி உடன்படிக்கை கோட்டைக் கிழக்கே தள்ளி வைத்தது. அப்போது அருகிலுள்ள ஸ்த்ரெசிமிரோவ்ட்சி என்னும் ஊர் இரண்டாகப் பிளந்து, பாதி ஒரு நாட்டிலும் பாதி மறு நாட்டிலும் ஆயிற்று.

1878-இன் இரண்டாவது விளைவு சந்தை விரிந்தது. புதிதாகச் சேர்ந்த நகரங்களுக்கு அலுவலகங்களும் பள்ளிகளும் படைமுகாம்களும் தேவைப்பட்டன. 1884-இல் பெல்கிரேடிலிருந்து நீஷ் வரையிலும், 1886-இல் அங்கிருந்து வ்ரான்யே வரையிலும் இருப்புப்பாதை வந்தது. மலையிலிருந்து கீழே லெஸ்கோவாட்ஸுக்கு நடந்து இறங்கிவிட்டால் பிறகு ரயிலில் தலைநகருக்குப் போகலாம் என்ற நிலை ஏற்பட்டதும் சில ஊர்களின் தொழில் ஒரு வட்டாரத்தின் தொழிலாகவே மாறியது. 1918-க்குப் பின் பெல்கிரேடு பெரியதொரு அரசின் தலைநகராகி வேகமாக வளர்ந்தபோது, சர்னா திராவாக்காரர் என்றால் கட்டட வேலைக்காரர் என்று நாடு முழுவதும் வழங்கலாயிற்று. பெல்கிரேடில் புகழ்பெற்ற இராணுவ மருத்துவ அகாதமி அமைந்திருக்கும் தெருவுக்குச் சர்னோத்ராவ்ஸ்கா என்று பெயர். தலைநகரின் வரைபடத்தில் இந்தச் சின்னஞ்சிறு மலைநாட்டின் பெயர் இப்படி நிலைத்திருக்கிறது.

இரண்டு உலகப் போர்களிலும் இப்பகுதி பல்கேரிய ஆக்கிரமிப்பில் இருந்தது. முதல் போரின்போது, அருகிலுள்ள சுர்துலிட்சா ஊரில் ஆக்கிரமிப்புப் படை ஆயிரக்கணக்கான செர்பியர்களைக் கொன்றது; 1917-இல் தெற்கு செர்பியாவில் எழுந்த தோப்லிட்சா கிளர்ச்சியும் கொடூரமாக அடக்கப்பட்டது. இரண்டாம் போரில் இம்மலைகள் பார்ட்டிசான் எனப்பட்ட கம்யூனிஸ்ட் தலைமையிலான விடுதலைப் போராளிகளின் வலுவான தளங்களில் ஒன்றாயின. மற்ற இடங்களில் விவசாயிகள் தயங்கியபோது இங்கே ஆதரவு ஏன் இவ்வளவு திரண்டது என்பதற்கும் கொத்துத் தொழிலே ஒரு விளக்கம் தருகிறது. பெல்கிரேடின் கட்டட வேலைத்தளங்களில் தொழிற்சங்கத்தையும் வேலைநிறுத்தத்தையும் இடதுசாரிப் பேச்சையும் கேட்டறிந்த ஆண்கள்தான் குளிர்காலத்தில் ஊருக்குத் திரும்பி வந்தவர்கள். இவ்வூரில் 1913-இல் பிறந்த மிலென்தியே பொபோவிச் பிற்காலத்தில் யூகோஸ்லாவியக் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் தலைவராக 1967 முதல் 1971-இல் இறக்கும்வரை இருந்தார். சர்னா திராவாவின் தொழில்நுட்பப் பள்ளி அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

போர்க்காலத்தின் ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லியாக வேண்டும். பல்கேரியாவின் போராளிகளோடு தொடர்பு ஏற்படுத்த விரும்பிய பிரிட்டிஷ் அரசு, மேஜர் மோஸ்தின் டேவிஸ் தலைமையில் ஒரு சிறு குழுவை இப்பகுதிக்கு அனுப்பியது. அந்தப் பணிக்கு வைத்த ரகசியப் பெயர் மல்லிகட்டானி. நம் மிளகுத் தண்ணீரிலிருந்து ஆங்கிலேயர் ஆக்கிக்கொண்ட சூப்பின் பெயர்தான் அது. 1944 ஜனவரியில் டேவிஸோடு சேர்ந்துகொள்வதற்காக, டார்ஜிலிங்கில் பிறந்த இளம் அதிகாரி பிராங்க் தாம்சன், சர்னா திராவா ஊர்களில் ஒன்றான தோப்ரோ போல்யே அருகே பாரசூட்டில் இறங்கினார். மார்ச்சில் டேவிஸ் கொல்லப்பட்டார். வசந்தத்தில் இங்குள்ள கால்னா ஊரில் பல்கேரியப் போராளிப் படைப்பிரிவு ஒன்று உருவாயிற்று; அதோடு எல்லை தாண்டிய தாம்சன் ஜூனில் பல்கேரியாவின் லிதாகோவோ கிராமத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆக்கிரமிப்புப் படையின் தாக்குதல்களுக்கு இம்மலை ஊர்கள் வீடுகளாலும் உயிர்களாலும் விலை கொடுத்தன.

இத்தனைக்கும் பிறகுதான் 1948-இல் 13,600 பேர் எண்ணப்பட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. போர் இப்பகுதியைக் காலி செய்யவில்லை. காலி செய்தது அதற்குப் பின் வந்த கட்டுமானக் காலம். அதே 1948-இல்தான் சாவா, தான்யூப் ஆறுகள் கூடும் இடத்துச் சதுப்பு நிலத்தில் புதிய பெல்கிரேடு நகரைக் கட்டும் வேலை தொடங்கியது. குண்டுவீச்சில் சிதைந்த நகரங்கள், புதிய ஆலைகள், குடியிருப்புகள் என்று நாடு முழுவதும் கொத்தனார்களைத் தேடியது. முன்பு கட்டட வேலை பருவத்துக்கு மட்டும் உரியது. தைஃபாவின் மேஸ்திரி பேசிய கூலிதான் வருமானம். நகரத்தில் வாடகை கொடுத்துக் குடும்பத்தை வைத்திருக்க அது போதாது. இப்போது அரசுக் கட்டுமான நிறுவனங்கள் ஆண்டு முழுவதும் சம்பளம் தந்தன. மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் தந்தன. காத்திருந்தால் நிறுவனமே வீடும் ஒதுக்கலாம். அது கிடைக்காவிட்டாலும் நகரின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கித் தன் கையாலேயே வீடு கட்டிக்கொள்ளத் தெரிந்தவர்கள் அவர்கள். மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளத் தடையாக இருந்தவை ஒவ்வொன்றாக விலகின. பருவப் பயணம் குடிபெயர்ப்பாக மாறியது.

மறுபுறம் மலையில் தங்குவதற்கான காரணங்களும் குறைந்துகொண்டே வந்தன. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அரசு விவசாயிகளிடம் விளைச்சலைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்தது. காடுகளையும் சரிவுகளையும் காப்பதற்காக வெள்ளாடு வளர்ப்பது தடை செய்யப்பட்டது. சோவியத் தலைவர் ஸ்டாலினோடு யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ முறித்துக்கொண்ட 1948-க்குப் பின் பல்கேரிய எல்லை இறுகி, கிழக்கேயான போக்குவரத்து நின்றது. சர்னா திராவா ஒரு முட்டுச்சந்தாயிற்று. லெஸ்கோவாட்ஸின் நெசவாலைகள் பெண்களுக்கும் வேலை கொடுத்தன. 1960-களில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆட்களை வரவேற்றன. 1968-இல் யூகோஸ்லாவியாவுக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் இடையே ஆளெடுப்பு ஒப்பந்தமே கையெழுத்தானது. பிள்ளைகளைத் தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்க வைக்க வேண்டும் என்றால் சிதறிக் கிடக்கும் மஹாலாக்களில் அதற்கு வழியில்லை. போனவர்களின் பிள்ளைகள் பொறியாளர்களாகவும் ஒப்பந்தக்காரர்களாகவும் ஆனார்கள். மலையில் தங்கியவர்களின் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாங்களும் கிளம்பினார்கள்.

2002-இல் 2,563 பேர், 2011-இல் 1,663, 2022-இல் 1,063. இந்த எண்களை ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். 1991 வரையான கணக்கெடுப்புகள் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களையும் சொந்த ஊரின் நிரந்தர மக்களாகச் சேர்த்துக்கொண்டன; 2002 முதல் ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவர்கள் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே 1991-க்கும் 2002-க்கும் இடைப்பட்ட வீழ்ச்சியில் ஒரு பகுதி கணக்கிடும் முறையால் வந்தது. ஆனால் அதற்குப் பிந்தைய வீழ்ச்சிக்கு அந்தச் சமாதானம் கிடையாது. 2011-க்கும் 2022-க்கும் இடையே செர்பியா முழுவதும் மக்கள்தொகை 71,86,862-இலிருந்து 66,47,003-ஆக, அதாவது ஏழரை விழுக்காடு குறைந்தது. அதே காலத்தில் சர்னா திராவா 36 விழுக்காட்டை இழந்தது.

இந்தக் கடைசிக் கட்ட இழப்பு முந்தையதைப் போன்றதும் அல்ல. 1950-களிலும் 60-களிலும் குறைந்ததற்குக் காரணம் மக்கள் வெளியேறியது. இப்போது குறைவதற்கு முக்கியக் காரணம் மரணம். வெளியேற வேண்டிய வயதினர் ஏற்கெனவே போய்விட்டார்கள். மீதமிருப்பவர்களின் சராசரி வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளை பெறும் வயதுள்ள பெண்கள் மிகச் சிலரே இருப்பதால், ஓராண்டில் பிறக்கும் குழந்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இறப்புகளோ அதைப் போலப் பல மடங்கு. இத்தகைய வயது அமைப்பு உருவான பிறகு, நாளையிலிருந்து ஒருவர்கூட ஊரைவிட்டுப் போகவில்லை என்றாலும் எண்ணிக்கை குறைந்துகொண்டேதான் இருக்கும். குழந்தை பிறந்தால் உதவித்தொகை என்னும் திட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெற்றுக்கொள்ளக் குடும்பங்கள் இல்லாத இடத்தில் அவை எட்டக்கூடிய எல்லை குறுகியது என்பதைத்தான் சொல்கிறேன். 25 ஊர்களுக்கு 1,063 பேரைப் பங்கிட்டால் ஊருக்குச் சராசரி 43 பேர். அதிலும் கணிசமானோர் தலைமையிடத்தில் இருப்பதால் உயரத்திலுள்ள ஊர்களில் நிரந்தரமாக வாழ்பவர்கள் இன்னும் குறைவு.

நிலம் மட்டும் இந்த இடைவெளியில் மாறிக்கொண்டது. மக்கள் நெருக்கமாக இருந்த காலத்தில் செங்குத்தான சரிவுகளையும் உழுதார்கள், காட்டை வெட்டினார்கள், ஆடுகள் மேய்ந்தன. மழை பெய்தால் மண் அப்படியே ஓடைகளில் இறங்கும். விலாசினா ஆற்றுப் படுகையும் அருகிலுள்ள கிர்தெலிட்சா பள்ளத்தாக்கும் செர்பியாவில் மண்ணரிப்புக்குப் பேர்போன இடங்கள். மலை ஓடைகளின் திடீர் வெள்ளம் கீழே ரயில் பாதையையும் வயல்களையும் மூடிவிடும் என்பதால், போருக்குப் பின் தடுப்புச் சுவர்களும் மரம் நடுதலுமாகப் பெரும் பணிகள் அங்கே நடந்தன. அந்தப் பணிகளுக்கு மக்கள் வெளியேற்றமும் துணை செய்தது. உழவு நின்ற சரிவுகளில் புல்லும், பிறகு புதரும், பிறகு காடும் வந்தன, மண்ணரிப்பு குறைந்தது. வெளியேற்றத்தை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. 1948-இன் மக்கள்தொகையை ‘இயல்பான’ அளவாக வைத்துக்கொண்டு அதற்குத் திரும்ப வேண்டும் என்று நினைப்பவர்கள், அந்த அளவைச் சுமந்தபோது இந்த மலை எந்நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லைக்கு அப்பால் திரன் வட்டாரமும் அதையடுத்த திரெக்லியானோவும் ஏறக்குறைய இதே பாதையில்தான் வந்திருக்கின்றன. திரெக்லியானோ பல்கேரியாவின் மிகச் சிறிய உள்ளாட்சிகளுள் ஒன்று. வெவ்வேறு அரசுகள், வெவ்வேறு கொள்கைகள். எல்லையின் இருபுறமும் ஒரே முடிவு. பெல்கிரேடின் எந்தவொரு அரசையும் மட்டும் பொறுப்பாக்கி முடித்துவிட முடியாது என்பதற்கு இது வலுவான சான்று.

ஆனால் இன்றைய நிர்வாகக் கேள்விக்கு அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும். செர்பியாவின் உள்ளாட்சிச் சட்டம் புதிதாக ஓர் உள்ளாட்சிப் பகுதியை அமைக்க 10,000 பேர் வேண்டும் என்கிறது. சர்னா திராவாவில் இருப்பது அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இன்று இப்பகுதி இல்லாமலிருந்து யாராவது அதை உருவாக்கக் கோரினால் சட்டம் அனுமதிக்காது. பழையது என்பதால் நீடிக்கிறது. வளர்ச்சியில் மிகவும் பின்தங்கிய, நலிவுற்ற பகுதிகளின் பட்டியலிலும் அது இருக்கிறது. சிக்கனம் என்ற பெயரில் அதை அண்டை உள்ளாட்சிகளான விலாசோதின்ட்சேயோடோ சுர்துலிட்சாவோடோ இணைத்துவிடலாமே என்று எண்ணத் தோன்றும். எனக்கு அது தவறாகவே படுகிறது. ஆலை இல்லாத இந்த ஊரில் நகர மன்றம், பள்ளி, சுகாதார நிலையம், தபால் நிலையம் ஆகியவைதான் நிலையான சம்பளம் தரும் இடங்கள். அலுவலகத்தை எடுத்துவிட்டால் அதில் வேலை பார்க்கும் சில பத்துக் குடும்பங்களும் போகும். பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள். அதைக் காரணம் காட்டி மற்றவையும் மூடப்படும்.

முதியவர்களே பெரும்பான்மையாக உள்ள இடத்தில் முதலில் செலவிட வேண்டியது பனிக்காலத்தில் சாலையைத் திறந்து வைக்கவும், மருத்துவரும் செவிலியரும் மஹாலாக்களுக்கு வண்டியில் போய் வரவும், தனியாக வாழும் முதியவர்களுக்கு விறகும் மருந்தும் உணவும் வீட்டுக்கே போய்ச் சேரவும்தான். பெல்கிரேடு, நீஷ், லெஸ்கோவாட்ஸ் நகரங்களில் உள்ள சர்னா திராவாக்காரர்களின் வழித்தோன்றல்கள் பலர் பாட்டன் வீட்டைப் புதுப்பித்துக் கோடையில் வந்து தங்குகிறார்கள். பலர் இறந்தோரை இங்கேயே கொண்டுவந்து புதைக்கிறார்கள். கணக்கெடுப்பு அவர்களைச் சேர்க்காது. ஆனால் கூரைகள் இடியாமல் நிற்பதும் கல்லறைத் தோட்டங்கள் பராமரிக்கப்படுவதும் அவர்களால்தான். நிரந்தரமாக வாழும் ஆயிரம் பேரையும் கோடைக்கு மட்டும் வரும் அவர்களையும் ஒன்றாக வைத்துத் திட்டமிட்டால்தான் சாலைக்கும் குடிநீருக்கும் செலவிடுவதற்குப் பொருள் இருக்கும். குடியிருப்பவர் எண்ணிக்கையை முதன்மையாக வைத்து நிதி ஒதுக்கும் முறை அந்த இரண்டாவது கூட்டத்தைப் பார்க்கத் தவறுகிறது.